சிப்பிகள் சொன்ன சாட்சியம்

கப்பலின் அடிப்புறத்திற் பாசியும் சிற்றுயிர்களும் படிந்தால் வேகம் குன்றும். எரிபொருட் செலவு கூடும். இதைத் தடுக்கவே 1960களில் ரீ.பீ.ரீ. எனும் வெள்ளீயச் சேர்வை கலந்த பூச்சு சந்தைக்கு வந்தது. அதன் நஞ்சு சிறிது சிறிதாகக் கடல்நீரிற் கசிந்தது.

1970களின் பிற்பகுதியில், பிரான்சின் ஆர்க்கஷோன் குடாவிற் சிப்பிக் குஞ்சுகள் பிழைக்கவில்லை. வளர்ந்த சிப்பிகளின் ஓடுகளோ தடித்து உருக்குலைந்தன. சிப்பி வளர்த்து வாழ்ந்தோரின் பிழைப்பு நொடிந்தது. உல்லாசப் படகுகளின் பூச்சே காரணமென்று ஆய்வாளர் கண்டனர்.

1982இல், 25 மீற்றரிலும் குறைந்த படகுகளுக்கு அப்பூச்சைப் பிரான்சு தடைசெய்தது; சிப்பிகள் மீண்டும் பெருகின. ஆயினும், பெருங்கப்பல்களையும் கட்டுப்படுத்தும் சர்வதேச உடன்படிக்கை 2008இலேயே நடைமுறைக்கு வந்தது. இடைப்பட்ட 26 ஆண்டுகளும் யாருடைய இலாபத்துக்காகக் கழிந்தன? இக்கேள்வியை நாம் எழுப்பியே ஆகவேண்டும். கடலை நம்பி வாழும் உழைப்பாளி இனியும் நட்டத்தைச் சுமக்கலாகாது.