மனச்சோர்வை வகைப்படுத்திய வரலாறு: காரணமா, போக்கா?

மேஜர் டிப்ரஷன், டிஸ்தைமியா, இருமுனைக் கோளாறின் சோர்வுக் கட்டம், பிரசவத்துக்குப் பிந்தைய மனச்சோர்வு, பருவகால மனச்சோர்வு. மனநல மருத்துவர்கள் இன்று எழுதும் இந்தப் பெயர்களை வரிசையாகப் பார்த்தால், யாரோ ஒருவர் ஒரே அளவுகோலால் வகுத்தவை போலத் தோன்றும். உண்மையில் இவை வெவ்வேறு காலங்களில், வெவ்வேறு தேவைகளுக்காகப் பிறந்தவை. இந்நோயை வகுக்க முயன்றவர்கள் இரண்டு கேள்விகளைக் கேட்டார்கள். ‘இது எதனால் வந்தது?’ என்பது ஒன்று. ‘இவருக்கு முன்பு என்ன நேர்ந்தது, இனி என்ன நேரும்?’ என்பது மற்றொன்று. முதற்கேள்வியை நம்பி வகுத்த பிரிவுகள் பெரும்பாலும் கரைந்துபோயின. இரண்டாம் கேள்வியைப் பின்தொடர்ந்து வகுத்தவை நிலைத்தன. இதை வரலாற்று வழியே காட்டுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

அச்சமும் துயரமும் நெடுநாள் நீடித்தால் அது மெலன்கோலியா என்பது ஹிப்போகிரட்டீஸ் மரபின் கருத்து. காரணம் கரும்பித்தம் என்றார்கள். அந்தக் காரணம் சுமார் இரண்டாயிரம் ஆண்டுகள் மருத்துவ நூல்களில் நின்றது. போக்கைக் கூர்ந்து கவனிக்கும் வாய்ப்பு 19ஆம் நூற்றாண்டின் மனநோய் இல்லங்களில்தான் பெருமளவில் அமைந்தது. அங்கே நோயாளிகள் ஆண்டுக்கணக்கில் தங்கினார்கள். அதே மருத்துவர் அதே முகத்தை மீண்டும் மீண்டும் பார்த்தார். பாரிஸின் சல்பெத்ரியேர் மருத்துவமனையில் பணியாற்றிய ழான்-பியர் ஃபால்ரே, சோர்வும் மிகையெழுச்சியும் மாறி மாறி வரும் ஒரு சுழற்சி நோயை 1851இல் விவரித்தார். 1854இல் ஜூல் பையார்ஜேயும் ஏறத்தாழ அதையே வேறு பெயரில் முன்வைக்க, முதலில் கண்டது யார் என்று இருவருக்கும் இடையே பூசல் எழுந்தது. இரண்டு வெவ்வேறு நோய்களாகத் தெரிந்தவை ஒரே வாழ்வின் இரண்டு கட்டங்கள் என்று கண்டதே இங்கு முக்கியம். ஒருநாள் மட்டும் பார்த்துவிட்டுப் போகும் எவருக்கும் அது புலப்பட்டிருக்காது.

இந்த முறையைக் கோட்பாடாக்கியவர் எமில் கிரேப்பலின். ஹைடல்பெர்க் மருத்துவமனையில் ஒவ்வொரு நோயாளிக்கும் ஓர் அட்டை வைத்து, நோய் தொடங்கிய விதத்தையும் முடிந்த விதத்தையும் அதில் குறித்துவைத்தார். 1899இல் வந்த அவருடைய பாடநூலின் ஆறாம் பதிப்பு, மீண்டும் மீண்டும் வரும் சோர்வையும் மிகையெழுச்சியையும் ‘மேனிக்-டிப்ரஸிவ்’ என்ற ஒரே கூரையின் கீழ் சேர்த்தது. பிற்பாதி வயதில் வரும் மெலன்கோலியாவை மட்டும் அவர் தனியே நிறுத்தினார். அதை முதுமையோடு வரும் வேறொரு நோய் என்று கருதினார். அவருடைய தூண்டுதலால் கெயோர்க் ட்ரைஃபுஸ் அந்தப் பெயரில் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டிருந்தவர்களின் பிற்கால வாழ்வைத் தேடிச் சென்றார். பலர் நலம் பெற்றிருந்தார்கள். பலருக்கு இளமையிலேயே சிறிய அளவில் சோர்வு வந்து போயிருந்தது. யாரும் கேட்காததால் அது பதிவாகவில்லை. 1907இல் அந்த ஆய்வு வெளிவந்தது. 1913இல் எட்டாம் பதிப்பில் கிரேப்பலின் தம் பிரிவைத் தாமே கலைத்தார். அட்டைகளின் சாட்சியத்துக்கு முன் தம் கருத்தைக் கைவிட்ட அந்தச் செயலை, இத்துறை வரலாற்றின் மிக நேர்மையான தருணங்களுள் ஒன்றாகவே நான் மதிக்கிறேன். ஆனாலும் அந்தப் பெயர் அமெரிக்க மனநல மருத்துவச் சங்கத்தின் கையேட்டிலிருந்து நீங்க 1980 வரை ஆயிற்று.

இதற்கிடையே காரணத்தை அடிப்படையாகக் கொண்ட இன்னொரு பிரிவினை வேரூன்றியது. உடலுக்குள்ளிருந்து தானே எழும் ‘எண்டோஜீனஸ்’ சோர்வு ஒன்று. இழப்புக்கும் நெருக்கடிக்கும் எதிர்வினையாக வரும் ‘ரியாக்டிவ்’ சோர்வு மற்றொன்று. கேட்பதற்கு மிக இயல்பான பிரிவினை. இன்றும் குடும்பங்கள் இப்படித்தான் பேசுகின்றன. ‘கடன் தொல்லையால வந்தது’, ‘ஒரு காரணமும் இல்லாம வந்திருக்கு’ என்ற இரண்டு வாக்கியங்களும் வெளிநோயாளர் பிரிவில் அன்றாடம் கேட்பவை. லண்டன் மாட்ஸ்லி மருத்துவமனையில் ஆப்ரி லூயிஸ் 61 நோயாளிகளை மிக விரிவாக ஆராய்ந்து 1934இல் எழுதினார். நோயாளியின் வரலாற்றை ஆழமாகக் கேட்கக் கேட்க, அவரை இரண்டில் ஒரு பெட்டியில் போடுவது கடினமாகிக்கொண்டே போயிற்று. காரணமில்லை எனப்பட்டவரிடம் ஏதோவோர் இழப்பு இருந்தது. காரணம் தெளிவாக இருந்தவரிடம் சோர்வுக்கு ஆளாகும் பழைய இயல்பும் இருந்தது.

விவாதம் அதோடு ஓயவில்லை. 1960களில் நியூகாஸிலில் மார்ட்டின் ராத்தின் குழுவினர் புள்ளியியலைக் கொண்டு இரண்டு வகைகள் உண்டு என்றார்கள்; மாட்ஸ்லியில் ராபர்ட் கெண்டல் 1968இல் அதே புள்ளியியலைக் கொண்டு, இடைவெளியே இல்லாத ஒரே தொடர்ச்சி என்றார். ஒருவரையொருவர் வெல்ல முடியவில்லை.

தீர்வு வேறு திசையிலிருந்து வந்தது. கார்ல் லியோன்ஹார்ட் 1957இல் மிகையெழுச்சி வந்தவர்களையும் சோர்வு மட்டுமே வந்தவர்களையும் பிரித்தார். ஸூரிக்கில் ஜூல்ஸ் ஆங்ஸ்ட், சுவீடனில் கார்லோ பெர்ரிஸ் இருவரும் 1966இல் தனித்தனியே நடத்திய ஆய்வுகளில், இவ்விரு பிரிவினரின் உறவினர்களிடையே நோய் காணப்படும் விதமும் வேறுபட்டிருந்தது. ஒருமுனை, இருமுனை என்ற பிரிவினை இவ்வாறு உறுதிபெற்றது. மருந்துகள் வந்துவிட்ட காலம் அது: சுவிட்சர்லாந்தின் மியூன்ஸ்டர்லிங்கனில் ரோலண்ட் கூன் இமிப்ரமினின் பயனை 1957இல் அறிவித்திருந்தார்; லித்தியம் மீண்டும் வரும் கட்டங்களைத் தடுக்கிறது என்று பாஸ்ட்ரூப்பும் ஷோவும் 1967இல் எழுதினார்கள். இருமுனை நோயாளிக்குச் சோர்வு நீக்கும் மருந்தை மட்டும் கொடுத்தால் சிலர் மிகையெழுச்சிக்குத் தாவிவிடுவார்கள். ஆகவே இந்தப் பிரிவினை மருந்துச் சீட்டையே மாற்றக்கூடியது. காரணத்தை வைத்துப் பிரித்த எந்தப் பிரிவினைக்கும் இவ்வளவு நேரடியான பயன் கிடைத்ததில்லை.

அமெரிக்க மனநல மருத்துவச் சங்கத்தின் கையேடான டிஎஸ்எம்மின் 1980இல் வந்த மூன்றாம் பதிப்பு காரணங்களை வாசலுக்கு வெளியே நிறுத்தியது. மருத்துவர் இருவர் ஒரே நோயாளியைப் பார்த்தால் ஒரே பெயரைச் சொல்ல வேண்டும் என்பதே அதன் குறிக்கோள். இன்று வழக்கிலுள்ள விதிப்படி, ஒன்பது அறிகுறிகளில் குறைந்தது ஐந்து இரண்டு வாரம் நீடிக்க வேண்டும். அவற்றுள் தாழ்ந்த மனநிலையோ ஆர்வமிழப்போ கட்டாயம் இருக்க வேண்டும். கணக்கிட்டால் இந்த விதியை 227 வழிகளில் நிறைவேற்றலாம். ஐக்கோ ஃப்ரீடும் ராண்டால்ஃப் நெஸ்ஸியும் 2015இல் 3,703 நோயாளிகளின் தரவைப் பார்த்தபோது, 1,030 வெவ்வேறு அறிகுறிச் சேர்க்கைகள் தென்பட்டன. காரணத்தை விலக்கியது சரியே. ஆனால் அதோடு போக்கையும் இரண்டு வாரச் சாளரத்துக்குள் சுருக்கியது பெரும் இழப்பு என்பது என் கருத்து. குறைந்தது இரண்டாண்டு நீடிக்க வேண்டும் என்று வரையறுத்த டிஸ்தைமியா மட்டுமே அங்கே காலத்தை மதித்தது. உற்றாரை இழந்த துயரத்துக்கு அளித்திருந்த விதிவிலக்கை 2013ஆம் ஆண்டின் ஐந்தாம் பதிப்பு நீக்கியபோது எழுந்த எதிர்ப்பு, காரணம் பற்றிய பழைய கேள்வி இன்னும் ஓயவில்லை என்பதைக் காட்டியது.

காலத்தைப் பற்றிக்கொண்ட வேறு சில வகைகளும் உண்டு. 1984இல் நார்மன் ரோசந்தால் குழுவினர் குளிர்காலந்தோறும் வரும் சோர்வை விவரித்தார்கள். லூயி-விக்தோர் மார்ஸே 1858லேயே பேறுகால மனநோய் பற்றித் தனிநூல் எழுதியிருந்தும், வீட்டில் மெளனமாக அழும் தாய்மார்கள் கவனம் பெற ஒரு நூற்றாண்டுக்கு மேலாயிற்று. பிரைஸ் பிட் 1968இல் லண்டனில் நடத்திய ஆய்வில் சுமார் பத்தில் ஒரு தாய்க்குப் பிரசவத்துக்குப் பிந்தைய மனச்சோர்வு இருந்தது. 1987இல் உருவான எடின்பரோ அளவுகோலின் பத்துக் கேள்விகள் களைப்பைக் கேட்பதில்லை. கைக்குழந்தை உள்ள எவருக்கும் அது இருக்கும் அல்லவா!

இந்திய நோயாளிகள் இந்த வகைப்பாட்டுக்கு இன்னொரு சோதனை வைத்தார்கள். மதுரையில் பணியாற்றிய வெங்கோப ராவ் 1966இல் முப்பது நோயாளிகளைப் பற்றிய பகுப்பாய்வை வெளியிட்டார். தேஜா, நாரங், அகர்வால் மூவரும் 1971இல் எழுதிய ஒப்பீட்டில், இந்திய நோயாளிகளிடம் உடல் சார்ந்த முறையீடுகள் மிகுதி, குற்றவுணர்வு குறைவு. ‘உடம்பெல்லாம் அசதி, நெஞ்சு படபடப்பு, சோறு இறங்கல’ என்று வருபவரிடம் இரண்டு வாரக் கணக்கு மட்டும் கேட்டால், அவர் வாழ்வின் போக்கு பிடிபடாது. முன்பொரு சமயம் தூக்கமே தேவைப்படாமல் ஓயாது பேசினாரா, கைப்பணத்தை வாரி இறைத்தாரா என்று உடன் வந்த அக்காவிடமோ மனைவியிடமோ கேட்க வேண்டியிருக்கிறது. அந்தப் பதிலைக் கோப்பில் எழுதி, கோப்பைப் பத்தாண்டு காத்து, பின் அதே நோயாளியைத் தேடிச் செல்லும் ஆய்வுகள் நம் ஊர்களில் பெருக வேண்டும். ட்ரைஃபுஸுக்குக் கிடைத்த விடையும் அப்படித் தேடிப்போய்க் கிடைத்ததுதான்.