சென்னையில் சந்தித்த காலம்

கனடாவின் அஜக்ஸில் ஆனி பிறந்தாலே கடையில், கோயிலில், எங்கு கண்டாலும் ஒரே கேள்விதான்: “எப்ப ஊருக்குப் போறியள்?” பள்ளி விடுமுறையோடு யாழ்ப்பாணத்து நல்லூர்த் திருவிழாவும் வருவதால் கோடையில் எங்கள் தெருவில் பல வீடுகள் பூட்டிக் கிடக்கும். இங்கே பிறந்த பிள்ளைகள் இது என்றைக்கும் உள்ள வழக்கம் என்று நினைக்கிறார்கள். இல்லை.

இலங்கையின் 1983 கலவரத்துக்குப் பின் எங்கள் சனத்துக்கு வெளிநாட்டுப் பயணம் என்றால் தப்பி வருவதுதான். 1986 ஆகஸ்டில் நியூஃபவுண்ட்லாந்துக் கடலில் உயிர்காப்புப் படகுகளில் தத்தளித்த ஈழத் தமிழரை மீனவர்கள் காப்பாற்றிக் கரைசேர்த்தார்கள். வந்தவர்கள் பிறகு குடியுரிமை எடுக்க, கனடாக் கடவுச்சீட்டும் கையில் வந்தது. ஆனால் ஊருக்குப் போகப் பாதையும் இல்லை, துணிவும் இல்லை.

அதனால்தான் சென்னை. தொண்ணூறுகளில் பெற்றோர் பயண அனுமதிப் பாஸ் எடுத்து, வவுனியா கடந்து, கொழும்பில் விமானம் ஏறிச் சென்னைக்கோ திருச்சிக்கோ வருவார்கள். பிள்ளைகள் டொரொன்டோவிலிருந்து போவார்கள். எத்தனை கலியாணங்கள் அங்கே நடந்தன! என் தம்பியின் கலியாணமும் அப்படித்தான். படத்தில் மட்டும் கண்ட பெண்ணை வாடகை வீட்டு முன்றிலில் முதன்முதல் பார்த்தான். கூறைச்சேலை தி.நகரில் எடுத்தோம். நான் கொண்டுபோன பெட்டியைத் திறந்த அம்மா, சொக்லேட்டுகளை ஒதுக்கிவிட்டுப் பனடோல் அட்டைகளையும் கோடாலித் தைலத்தையும் எடுத்துத் தன் சேலைகளுக்குள் சுற்றி வைத்தார். யாழ்ப்பாணத்தில் அப்போது மருந்துக்கு அவ்வளவு தட்டுப்பாடு. எனக்கென்று புழுக்கொடியலும் வறுத்த மிளகாய்த்தூளும் கொண்டுவந்திருந்தார். இதையெல்லாம் சுற்றுலாக் கணக்கில் சேர்க்க எனக்கு மனம் வராது.

2002 போர்நிறுத்தத்தில் யாழ்ப்பாணத்துக்கான ஏ9 பாதை திறந்தது. அந்தக் கோடையில் ஊர் நிறைய வெளிநாட்டுச் சனம். 2006இல் மீண்டும் மூடினார்கள். 2009இல் போர் முடிந்து, 2014இல் யாழ்தேவி ரயில் யாழ்ப்பாணம் திரும்பிய பிறகுதான் குடும்பத்தோடு போவது வழக்கமாயிற்று.

இப்போது பிள்ளைகள் மாரிக்குக் கியூபா, புன்டா கானா என்று கடற்கரைக்குப் பறக்கிறார்கள். உறவினர் யாரையும் தேடிப் போகாத பயணம். சில பெரியவர்களுக்கு அது பிடிக்கவில்லை. எனக்குப் பிடித்திருக்கிறது; அந்த நிம்மதி எங்கள் தலைமுறைக்கு வாய்க்கவில்லை. ஊர்ப் பயணமும் மாறிவிட்டது. கட்டுநாயக்கா விமான நிலையத்திலிருந்து இரவிரவாக வான் வண்டியில் போக முடியாத வயதானவர்கள் சென்னையில் மாறி யாழ்ப்பாணத்துப் பலாலி விமான நிலையத்துக்கே பறக்கிறார்கள். 2019இல் தொடங்கிய அந்தச் சேவை கொரோனாவில் நின்று, 2022 டிசம்பரில் மீண்டும் வந்தது. ஒருகாலத்தில் அப்பால் போக முடியாமல் நாங்கள் நின்ற சென்னை, இப்போது எங்களுக்கு விமானம் மாறும் இடம்.