சங்கம் யார் பெயரில், பட்டா யார் பெயரில்?

1966ல் சென்னைக்குத் தெற்கே ஈஞ்சம்பாக்கம் கடற்கரையில் ஓவியர்களும் சிற்பிகளும் சேர்ந்து நிலம் வாங்கிக் குடியேறினார்கள். சோழமண்டலம் ஓவியர் கிராமம் என்று இன்று நமக்குத் தெரிந்த இடம். முன்னின்றவர் கே.சி.எஸ். பணிக்கர், சென்னை ஓவியக் கல்லூரியின் முதல்வர்.

ஓவியம் மட்டும் விற்று அன்று சோறு சாப்பிட முடியாது. படித்து முடித்தவர்கள் ஏதோ ஒரு வேலைக்குப் போனால் தூரிகை காய்ந்துவிடும். அதனால் பாத்திக் துணி, தோல் வேலை, சுடுமண், நகை என்று கைவினை செய்து விற்றார்கள்; மீதி நேரத்தில் ஓவியமும் சிற்பமும். நிலம் வாங்கவே பாத்திக் விற்ற காசுதான் உதவியது. விற்பனைக்குச் சொந்தமாக ஒரு சங்கமும் வைத்துக்கொண்டார்கள்.

அந்தக் கல்லூரியின் பழைய கதையையும் பார்க்க வேண்டும். 1850ல் அலெக்சாண்டர் ஹன்ட்டர் என்ற மருத்துவர் தொடங்கிய பள்ளி அது. மண்பாண்டமும் நகை வேலையும் அங்கே பாடங்களாயின. ஊரிலோ அவை சாதித் தொழில்கள். பள்ளியில் கற்றவர் கலைஞர், வீட்டில் கற்றவர் குயவர்!

திருவள்ளூர் மாவட்டச் செங்கல் சூளைகளுக்கு நாங்கள் போகும்போது இதெல்லாம் நினைவுக்கு வரும். இருளர் குடும்பங்கள் விடிவதற்கு முன்பே மண் குழைத்துக் கல் அறுக்கிறார்கள். கொத்தடிமை ஒழிப்புச் சட்டம் 1976லேயே வந்துவிட்டது. ஆனாலும் முன்பணக் கணக்கு பலருக்குத் தீர்வதே இல்லை. களிமண்ணின் பதம் அவர்கள் கைக்கும் தெரியும். ஈஞ்சம்பாக்கத்தில் இருந்த நிலமும் சங்கமும்தான் இங்கே இல்லை.

கும்மிடிப்பூண்டிப் பக்கம் கைவினைப் பயிற்சி தருகிறோம் என்று வருகிறவர்களிடம் நாங்கள் முதலில் கேட்பது இதுதான்: சங்கம் யார் பெயரில், பட்டா யார் பெயரில்?