வண்டி அவிழ்த்த இடம்

வீட்டையே வண்டியில் ஏற்றிக்கொண்டு ஊர் சுற்றுகிறவர்கள் இன்று இருக்கிறார்கள். படுக்கை, அடுப்பு எல்லாம் மோட்டாருக்குள்ளேயே உண்டு. ஆனாலும் பொழுது சாய்ந்ததும், ‘எங்கே நிறுத்துவது?’ என்ற கேள்வி எழத்தானே செய்கிறது? மதுரைச் சீமைக்கு அந்தக் கேள்வி புதிதன்று. வைக்கோலும் அரிசியும் பாத்திரமுமாகக் கூண்டு வண்டியில் வந்த நம் முன்னோர் கேட்டதும் அதுவேதான்.

அவர்கள் மாளிகை தேடவில்லை. மாட்டுக்குத் தண்ணீர், வண்டி அவிழ்க்க நிழல், அச்சமின்றிக் கண்ணயர நாலு பேர் துணை, இவ்வளவே. 1689 முதல் பேரனுக்காக நாட்டை ஆண்ட ராணி மங்கம்மாள் இதை நன்கு அறிந்திருந்தாள். சாலை அமைத்தாள், சத்திரம் கட்டினாள், ஓரமெல்லாம் மரம் வைத்தாள். 1875-ல் மதுரைக்கு ரயில் வந்தது. வண்டிப் பயணம் மெல்ல மெல்லக் குறைந்தது. அவள் பெயர் தாங்கிய சத்திரமோ ரயில் நிலையத்துக்கு எதிரிலேயே நிற்கிறது.

பழமை என்பதற்காக எல்லாவற்றையும் புகழ்ந்துவிட வேண்டாம். அக்காலச் சத்திரங்கள் பலவற்றில் காசு கேட்கவில்லை, சாதி கேட்டார்கள். இன்றைய விடுதியில் முன்பணம் கட்டி இடம் பிடிக்கிறோம். காசில்லாதவன் வெளியே நிற்கிறான்.

இரண்டையும் கேட்காதது ஒன்று உண்டு: சாலையோர மரம். சித்திரைத் திருவிழாவுக்கு வந்த ஏழைக் குடியானவனும் அதன் அடியில் வண்டியை அவிழ்த்து உலை வைத்தான். மங்கம்மாளின் தர்மங்களில் கதவு இல்லாத சத்திரம் அதுதான். சாலையை அகலமாக்கும்போது நாம் முதலில் வெட்டுவதும் அதைத்தான் அல்லவா?