கம்போடியா பருத்தியும் சுந்தரபாண்டியம் தறியும்

போன மாசம் என் மச்சினன் மகன் சென்னையிலிருந்து வந்திருந்தான். ஐ.டி. கம்பெனியில் வேலை. கொஞ்ச நாள் முன்னாடிதான் நண்பர்களோடு வியட்நாம் போய்விட்டு வந்தவன். வேப்பமரத்தடியில் கயித்துக் கட்டிலில் உட்கார்ந்து செல்போனில் படம் படமாகக் காட்டினான். ஹோய் ஆன் என்று ஒரு பழைய துறைமுகப் பட்டணம். மஞ்சள் சுவர் வீடுகள், தெரு நெடுக பட்டுத்துணி விளக்குகள். 1999ல் யுனெஸ்கோ பாரம்பரியப் பட்டியலில் சேர்த்த ஊராம். பக்கத்தில் தான் ஹா என்று குயவர் கிராமம். டிக்கெட் எடுத்து உள்ளே போனால் நாமே சக்கரத்தில் உட்கார்ந்து பானை வனைந்து பார்க்கலாமாம்.

"நம்ம பக்கம் இப்படி ஒண்ணும் இல்லையே மாமா" என்றான்.

எனக்குச் சுருக்குன்னுச்சு. "கிளம்பு மாப்ள, நாளைக்குக் காட்டுறேன்" என்று சொல்லிவிட்டேன்.

அந்த ராத்திரி ஒரு விஷயம் ஞாபகம் வந்தது. எங்க அப்பாவுக்குப் பருத்தியில் ரெண்டே ஜாதிதான். கரிசலில் மானாவாரியாக வருகிற கருங்கண்ணி ஒண்ணு. செவக்காட்டில் கமலை இறைத்து வளர்க்கிற கம்போடியா இன்னொண்ணு. சின்ன வயசில் அது ஏதோ நம்ம பக்கத்து ஊர்ப் பேர் என்றே நினைத்திருந்தேன். விஷயம் வேறு. 1900களின் தொடக்கத்தில் இந்தோசீனாவிலிருந்து விதை வந்து, விருதுபட்டி பக்கம் (அதுதான் இப்போ விருதுநகர்) போட்டுப் பார்த்திருக்கிறார்கள். மூலம் அமெரிக்க ஜாதிப் பருத்தி. கருங்கண்ணியை விட இழை நீளம், தண்ணி காட்டினால் மகசூலும் அதிகம். கிணறு வைத்திருந்த சம்சாரிகள் பிடித்துக்கொண்டார்கள். அங்கிருந்து கோயம்புத்தூர் வரைக்கும் பரவியது. அப்போ கம்போடியாவும் வியட்நாமும் ஒரே பிரெஞ்சு ஆட்சிக்குக் கீழே இருந்த நாடுகள். பிற்பாடு நாங்கள் விதைத்த எம்.சி.யூ. 5 ரகத்தின் பேரிலும் அது ஒட்டிக்கொண்டிருக்கிறது: மெட்ராஸ், கம்போடியா, உகாண்டா.

நீள இழைப் பருத்தி இருந்தால் மில்லுக்கு நல்லது. பி.ஏ.சி. ராமசாமி ராஜா 1936ல் ராஜபாளையம் மில்ஸ் ஆரம்பித்தார். அதுக்கப்புறம் ஒண்ணொண்ணாக மில்கள் வந்து, ஊரே சங்கு ஊதுற நேரத்துக்கு எந்திரிச்சு சாப்பிட்டுத் தூங்குற ஊராக ஆனது. ஆந்திரப் பக்கத்திலிருந்து வந்து குடியேறின ராஜுக்கள், ராஜபாளையம் நாய், சப்பட்டை மாம்பழம் என்றுதான் வெளியூர்க்காரர்களுக்கு ராஜபாளையத்தைத் தெரியும். ஆனால் இந்த வட்டாரத்து வரலாற்றை எழுதினால் பாதி பக்கம் நூலுக்குத்தான் போகும்.

மறுநாள் முதலில் ஸ்ரீவில்லிபுத்தூர். கோபுரம் 11 நிலை, 192 அடி. தமிழ்நாடு அரசு முத்திரையில் இருப்பது இதுதான் என்று நாங்கள் அடித்துச் சொல்வோம், மீனாட்சி கோயில் மேலக் கோபுரம் என்று மதுரைக்காரர்கள் சொல்வார்கள், அது தீராத பஞ்சாயத்து. திருமலை நாயக்கர் இங்கே அரண்மனை கட்டினவர். ஆண்டாளுக்குப் பூசை முடிந்த பிறகுதான் சாப்பிடுவாராம்; அது மதுரைக்குத் தெரிய வழி நெடுக மண்டபம் கட்டி மணி அடிக்க வைத்தாராம். கட்டபொம்மனுக்கும் திருச்செந்தூருக்கும் இதே கதையைச் சொல்கிறார்கள், அதனால் நான் உத்தரவாதம் தர மாட்டேன்.

மாப்பிள்ளை நின்று பார்த்தது ஆண்டாள் கையில் இருக்கிற கிளியைத்தான். அது தினமும் புதுசாகச் செய்கிற கிளி. உடம்புக்கு மரவள்ளி இலை, மூக்குக்கு மாதுளம்பூ, இறகுக்கு நந்தியாவட்டை இலையும் பனை ஓலையும், வாலுக்கு அரளிப்பூ, கட்ட வாழைநார், கண்ணுக்குக் காக்காப்பொன். செய்து முடிக்க நாலஞ்சு மணி நேரம் ஆகும். சாயங்காலம் சாத்தி, மறுநாள் பக்தர்களுக்குக் கொடுத்துவிடுவார்கள். இதில் ஒரு வேடிக்கை, மரவள்ளி தென்னமெரிக்கப் பயிர். ஆண்டாள் காலத்தில் இந்த நாட்டிலேயே கிடையாது. கம்போடியா பருத்தி மாதிரி அதுவும் எங்கிருந்தோ வந்து நம்ம செடியாகிவிட்டது.

பால்கோவா வாங்காமல் யாரும் திரும்புவதில்லை, நாங்களும் வாங்கினோம். 2019ல் புவிசார் குறியீடு கிடைத்த பண்டம். பால் ஊத்துகிற எங்களுக்கு லிட்டருக்கு என்ன கிடைக்குது என்று கேட்காதீர்கள், அதுக்குத் தனிப் பதிவு போட வேண்டும்.

அடுத்து வத்திராயிருப்புப் பக்கம் சுந்தரபாண்டியம். பருத்திச் சேலைக்குப் பேர் போன ஊர். எங்க ஆத்தா கடைசி வரைக்கும் இந்த ஊர்க் கட்டம் போட்ட சேலைதான் கட்டினாள். துவைக்கத் துவைக்க மெத்துன்னு ஆகும் என்பாள். முன்னே தெருவுக்குள் நுழைந்தாலே லொடக் லொடக் என்று சத்தம் வரும். இப்போ எந்த வீட்டில் தறி ஓடுது என்று காதைத் தீட்டிக் கேட்க வேண்டியிருக்கிறது.

ஒரு பெரியவர் வீட்டுக்குள் விட்டார். குழித்தறி. காலைக் குழிக்குள் விட்டு மிதித்துக்கொண்டே, கையால் நாடாவை ஓட்டுகிறார். பாவும் ஊடையும் சங்கம் கொடுக்கும், நெய்து கொண்டுபோய்ப் போட்டால் சேலைக்கு இவ்வளவு என்று கூலி. நாள் கணக்கு கிடையாது. பேசிக்கொண்டு நிற்கிற நேரம் அவர் கையை விட்டுப் போகிற காசு.

மாப்பிள்ளை ஆசைப்பட்டான். "ஐயா, நான் ஒரு தடவை மிதிச்சுப் பாக்கட்டுமா?" அவரும் சிரித்துக்கொண்டே இடம் கொடுத்தார். மிதி ஒரு பக்கம், நாடா ஒரு பக்கம் போய், பாவில் ஏழெட்டு இழை அறுந்துவிட்டது. பெரியவர் ஒண்ணும் சொல்லவில்லை. கண்ணாடியை மாட்டிக்கொண்டு ஒவ்வொரு இழையாகப் பிடித்து முடி போட்டார். இருபது நிமிஷத்துக்கு மேல் ஆச்சு. இவன் ஐநூறு ரூபாய் நோட்டை நீட்டினான். "அதெல்லாம் வேண்டாம் தம்பி. சேலை வேணும்னா சங்கத்துல வாங்கிக்கோங்க" என்று சொல்லிவிட்டார்.

முந்தின நாள் டிக்கெட் விஷயத்தைக் கேட்டபோது எனக்கு உள்ளுக்குள் இளக்காரம்தான். தொழிலைப் போய்க் காட்சிக்கு வைப்பார்களா என்று தோன்றியது. பெரியவர் இழை முடிகிறதைப் பார்த்துக்கொண்டு நிற்கையில் அது மாறிப்போச்சு. ஹோய் ஆன் பக்கத்தில் அந்த இருபது நிமிஷத்துக்கு யாரோ காசு வைத்திருக்கிறார்கள். இங்கே அதைப் பெரியவர் தன் கையிலிருந்து கொடுத்தார்.

அவருடைய மகன் சத்திரப்பட்டியில் விசைத்தறி ஓட்டுகிறாராம். ராஜபாளையத்துக்குக் கிழக்கே இருக்கிற ஊர் அது. அங்கே நெய்கிறது பேண்டேஜ் துணி. நெருக்கி அடித்தால் சேலை, இளக்கமாக விட்டால் பேண்டேஜ். வெளுத்து, வெட்டி, சுருட்டி ஆஸ்பத்திரிகளுக்குப் போகிறது. வெளிநாட்டுக்கும் போகிறது. உங்கள் காயத்தில் எப்போதாவது சத்திரப்பட்டி ஒட்டியிருந்திருக்கும், பேர்தான் தெரிந்திருக்காது. அந்த ஊரைச் சுற்றிக் காட்டு என்று இதுவரை யாரும் என்னைக் கேட்டதில்லை. அன்றைக்கும் நேரமில்லை, நாலு மணிக்குப் பால் கறக்க ஆளில்லை.

சங்கத்தில் ரெண்டு சேலை வாங்கினோம். கிளம்பும்போது பெரியவர் வாசல் வரைக்கும் வந்தார்.

"அடுத்த தடவை வந்தா விடியக்காலையில வாங்க. தெருவுல பாவு போட்டுக் கஞ்சி தோய்க்கிறதைப் பாக்கலாம். அதுதான் பாக்க வேண்டியது. ஆனா அதுக்கு ஆள் வேணும், எங்க தெருவுல இப்ப ஆள் பத்தல."

"நாங்க நாலு பேர் வந்தா போதுமாய்யா?" என்றான் மாப்பிள்ளை.

அவர் அவன் கையைப் பார்த்தார். "வாங்க. ஓரமாப் பிடிச்சுக்கிட்டு நில்லுங்க. மிதிய மட்டும் தொட வேண்டாம்."