டி.என்.ஏ. சான்று: தமிழ்நாட்டுக் குற்ற வழக்குகளில்

இரத்தம், விந்து, உமிழ்நீர், பல், எலும்பு முதலியவற்றிலிருந்து பிரித்தெடுத்த மரபணுக்கூறுகளை ஒப்பிட்டு, அவை இன்னாருடையவை என்று நிபுணர் சொல்லும் கருத்து டி.என்.ஏ. சான்று எனப்படும். இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் பெரிய குற்ற வழக்குகளில் இதை எடைபோடுவது பெரும்பாலும் ஜூரி, இந்தியாவில் நீதிபதி. விருதுநகர் மாவட்டத்தின் கொலை வழக்குகளில் அப்பொறுப்பு ஸ்ரீவில்லிபுத்தூர் அமர்வு நீதிமன்றத்துக்கும், மேல்முறையீட்டில் உயர் நீதிமன்ற மதுரைக் கிளைக்கும் உரியது.

ஜூரியின் மறைவு

தமிழர் நினைவில் நிற்கும் ஜூரி வழக்கு லட்சுமிகாந்தன் கொலை வழக்கு. 1945இல் ஜூரியின் முடிவை ஏற்று எம்.கே. தியாகராஜ பாகவதருக்கும் என்.எஸ். கிருஷ்ணனுக்கும் ஆயுள் தண்டனை விதிக்கப்பட்டது; 1947இல் இருவரும் விடுதலையாயினர். 1973ஆம் ஆண்டின் குற்றவியல் நடைமுறைச் சட்டம் ஜூரிக்கு இடம் தரவில்லை. டி.என்.ஏ.வை ஒப்பிட்டு ஆளை அடையாளம் காணும் மரபணு ரேகை முறையை அலெக் ஜெஃப்ரீஸ் லெஸ்டர் பல்கலைக்கழகத்தில் கண்டறிந்தது 1984இல். ஆகவே இந்தியக் குற்ற வழக்குகளில் டி.என்.ஏ. சான்று ஜூரியின் முன் வந்ததே இல்லை.

தொடக்கமும் புதுக்கோட்டை வழக்கும்

தடய ஆய்வில் தமிழ்நாடு மூத்தது. நாட்டின் முதல் இரசாயனப் பரிசோதனைக் கூடம் 1849இல் சென்னையில் அமைந்தது. ஹைதராபாத்தின் உயிரணு, மூலக்கூறு உயிரியல் மையத்தில் லால்ஜி சிங் 1988இல் இந்திய மரபணு ரேகை முறையை உருவாக்கினார். ராஜீவ் காந்தி கொலை வழக்கிலும் அம்மையத்தின் ஆய்வு பயன்பட்டது.

புதுக்கோட்டை மாவட்டம் விராலிமலை அருகே ஆசிரமம் நடத்திய பிரேமானந்தா மீதான பாலியல் வன்முறை, கொலை வழக்கு தமிழ்நாட்டில் ஒரு திருப்புமுனை. பாதிக்கப்பட்ட பெண்ணின் கருவுக்குத் தந்தை யார் என்பதை டி.என்.ஏ. ஆய்வு காட்டியது. எதிர்த்தரப்பு அதை மறுக்க வெளிநாட்டு நிபுணரைக் கூண்டில் ஏற்றியது. இரு நிபுணர்களில் யாரை நம்புவது என்ற கேள்வி அமர்வு நீதிபதி ஆர். பானுமதியின் முன் நின்றது. அரசுத் தரப்பு ஆய்வை ஏற்று 1997 ஆகஸ்ட் 20 அன்று இரட்டை ஆயுள் தண்டனை விதித்தார். 2005இல் உச்ச நீதிமன்றம் அதை உறுதிசெய்தது. பின்னாளில் உச்ச நீதிமன்ற நீதிபதியான பானுமதி, 2017இல் டில்லி நிர்பயா வழக்கின் அமர்விலும் இருந்து டி.என்.ஏ. சான்றை மீண்டும் எடைபோட்டார்.

பட்டாசு விபத்துகளில்

விருதுநகர் மாவட்டத்தின் சிவகாசி வட்டாரப் பட்டாசு ஆலைகளில் டி.என்.ஏ. ஆய்வின் தேவை வேறு வகையானது. மருந்து கலக்கும் அறை வெடித்தால் உடல் முகம் தெரியாமல் கருகிவிடும். ஆலையின் வருகைப்பதிவேடும் எப்போதும் போதாது: 2012 செப்டம்பர் 5 அன்று முதலிப்பட்டி விபத்தில் முப்பதுக்கும் மேற்பட்டோர் இறந்தனர், அவர்களில் பலர் ஆலைத் தொழிலாளர்கள் அல்லர், ஓடிவந்த ஊர்க்காரர்கள். இத்தகைய நிலையில் பல்லிலும் தொடையெலும்பிலும் டி.என்.ஏ. ஓரளவு தப்பியிருக்கும். அதைப் பெற்றோர் அல்லது பிள்ளைகளின் இரத்தத்தோடு ஒப்பிடுவர்.

எண்ணின் பொருள்

வெப்பத்தில் சிதைந்த மாதிரியிலிருந்து முழு விவரம் கிடைக்காதபோது, தற்செயலாக இன்னொருவரோடு பொருந்தும் வாய்ப்பு கூடும். அவ்வாய்ப்பு பத்து லட்சத்தில் ஒன்று என்று நிபுணர் சொன்னதாகக் கொள்வோம். 2011 கணக்கெடுப்பின்படி விருதுநகர் மாவட்ட மக்கள்தொகை 19.42 லட்சம். அப்படியானால் இந்த ஒரு மாவட்டத்திலேயே ஏறத்தாழ இருவர் தற்செயலாகப் பொருந்தக்கூடும். பொருந்தியவர் குற்றவாளி அல்லாதிருக்கப் பத்து லட்சத்தில் ஒரு வாய்ப்பே உண்டு என்று அதை மாற்றிப் படிப்பது பிழை. ஜூரியும் வழக்கறிஞரும் இதில் சறுக்குவதை மேலைநாட்டு ஆய்வாளர்கள் 1980களிலேயே சுட்டி, ‘அரசுத் தரப்பு வழு’ என்று பெயரிட்டனர். மாதிரி ஒருவருடையது என்று உறுதியானாலும், அது அங்கே எப்படி வந்தது என்பதைப் பிற சாட்சியமே சொல்ல வேண்டும்.

சான்றின் எல்லை

குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 2005ஆம் ஆண்டுத் திருத்தம் பாலியல் வன்முறை வழக்குகளில் டி.என்.ஏ. மாதிரி எடுப்பதற்கு இடம் தந்தது. கொடைக்கானல் மலையில் உடல் கிடைத்த கொலை வழக்கில் (பட்டு ராஜன் எதிர் தமிழ்நாடு அரசு, 2019), டி.என்.ஏ. சோதனை நடக்கவில்லை என்பதால் வழக்கு வீழ்ந்துவிடாது என்றது உச்ச நீதிமன்றம். நிபுணர் கருத்தான டி.என்.ஏ. சான்றின் மதிப்பு வழக்குக்கு வழக்கு மாறும் என்பதே அத்தீர்ப்பின் சாரம்.

எதிர்ப்பக்கமும் உண்டு. தேனி மாவட்டம் சுருளி அருவியில் 2011இல் நடந்த இரட்டைக் கொலை வழக்கில் தூக்குத் தண்டனை பெற்றவரை உச்ச நீதிமன்றம் 2025 ஜூலை 15 அன்று விடுவித்தது. மாதிரிகள் யார் கையில், எவ்வளவு காலம் இருந்தன என்பதற்கு ஒழுங்கான கணக்கு இல்லாதது முக்கியக் காரணங்களில் ஒன்று. அத்தீர்ப்பு நாடு முழுமைக்கும் நெறிமுறை வகுத்தது: மாதிரி வைக்கும் உறையில் முதல் தகவல் அறிக்கை எண்ணும் காவல் நிலைய விவரமும் இருக்க வேண்டும், மாதிரி 48 மணி நேரத்துக்குள் தடய ஆய்வகம் சேர வேண்டும், நீதிமன்ற அனுமதியின்றி உறையைத் திறக்கக் கூடாது, மாதிரி எடுத்தது முதல் வழக்கு முடியும்வரை கைமாறிய விவரம் பதிவேட்டில் இருக்க வேண்டும். அந்தப் பதிவேடும் வழக்கு ஆவணங்களோடு நீதிபதியின் முன் வைக்கப்பட வேண்டும்.