படுக்கையருகே வந்த பரிசோதனை



வைத்தியசாலையின் அவசரப் பிரிவில் வாங்கிலே காத்திருந்தோர் அறிவர்: குருதி எடுத்துச் செல்லப்பட்டபின் முடிவு வந்து சேரும்வரை நேரம் நகர்வதேயில்லை. மாதிரி ஆய்வுகூடம் சென்று, சோதிக்கப்பெற்று, முடிவு மீள ஒரு மணித்தியாலமோ அதற்கு மேலோ ஆகலாம். நோயாளியின் அருகிலேயே குருதியைச் சோதிக்கும் வழக்கத்திற்கு வித்திட்ட நிகழ்ச்சிகளுள் ஒன்று, 1952ஆம் ஆண்டில் டென்மார்க்கின் தலைநகராம் கோப்பன்கேகனில் நிகழ்ந்தது.

அவ்வாண்டு இளம்பிள்ளைவாதம் அந்நகரைக் கடுமையாகத் தாக்கிற்று. பிளெக்டம் வைத்தியசாலையிற் சேர்க்கப்பெற்ற பலரின் சுவாசத் தசைகள் செயலிழந்தன. செயற்கைச் சுவாசக் கருவிகளோ மிகச் சில. தொடக்கத்தில் அவற்றின் உதவி பெற்ற 31 பேரில் 27 பேர் மாண்டனர்.

அன்று அளக்கப்பட்டது குருதியிலுள்ள மொத்தக் காபனீரொட்சைட்டின் அளவு மட்டுமே. அது மிகுந்திருக்கக் கண்ட வைத்தியர்கள், குருதியிற் காரத்தன்மை கூடிவிட்டதென எண்ணினர். மயக்கமருந்து நிபுணர் பியோன் இப்சன் அதனை ஏற்கவில்லை. மூச்சுப் போதாமையால் வாயு உள்ளே தேங்கிவிட்டது என்றார். ஓகஸ்ட் 27ஆம் நாள் உயிருக்குப் போராடிய பன்னிரண்டு வயதுச் சிறுமியொருத்தியின் மூச்சுக்குழலிலே துளையிடப்பட்டபின், இறப்பர்ப் பையை அழுத்திக் காற்றூட்டினார். சிறுமி பிழைத்தாள். ஆய்வுகூடத் தலைவர் போல் ஆஸ்ட்ரப் குருதியின் அமிலத்தன்மையை நேரடியாக அளந்து, இப்சன் கூறியதே மெய்யெனக் காட்டினார்.

பின்னர் ஏறத்தாழ 1500 மருத்துவ மாணவர் இரவு பகலாக முறைவைத்துப் பைகளை அழுத்தினர். காற்றுப் போதுமா போதாதா என்பதற்குக் குருதியே சான்று. அச்சான்று நாளைக்கு வந்தாற் பயனென்ன? இறப்பு வீதம் பாதிக்கும் கீழே இறங்கிற்று.

1958ஆம் ஆண்டளவில் அமெரிக்கராகிய செவரிங்கவுஸ், ஒட்சிசனையும் காபனீரொட்சைட்டையும் ஒருங்கே அளக்கும் கருவியை அமைத்தார். 1990களில் கையில் அடங்கும் கருவிகள் வந்தன. இன்று இருதுளிக் குருதி சில நிமிடங்களிற் செய்தி சொல்கிறது.

ஆயினும் காத்திருப்பு அதே அளவிற் குறைந்ததா? எப்போதும் இல்லை. விடைத்தாளைத் திருத்தி அலுமாரியில் வைத்துவிட்டால் மாணவனுக்கு என்ன பயன் என்பது ஆசிரியனாகிய நான் நன்கறிந்த செய்தி. கோப்பன்கேகனில் முடிவைக் கண்டவரும் பையை அழுத்தியவரும் ஒரே கட்டிலருகே நின்றனர். முடிவைப் பார்க்கும் வைத்தியர் வேறொரு நோயாளியோடு இருப்பின், விடுதியிற் கட்டிலும் வெறுமையாக இல்லையெனின், சில நிமிடங்களில் வந்த முடிவைக் கையில் வைத்துக்கொண்டே நோயாளி அதே வாங்கில் அமர்ந்திருக்கின்றார்.